அதே சாக்கெட்டுல செவக்குற வால்வு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர்): எங்கப்பாரு மைக்செட்டு வாடகைக்கு விட்டவருங்க, மாரியம்மன் நோம்பி, கண்ணாலம்னா எங்கூருல அவரு குழாய்தான் பாடும். அவரோட கண்ணாடி வால்வு ஆம்ப்ளிஃபயரை 20 வருசம் கழிச்சு அட்டாலில இருந்து எறக்கி போட்டுப் பாத்தேன். பாட்டு வருது, கூடவே உம்ம்னு ஒரே எரைச்சல், பத்து நிமிசத்துல ரெண்டு ஈஎல்34 பவர் வால்வுல ஒண்ணுக்கு மட்டும் உள்ள தகடு செவந்து, சத்தம் கரகரன்னு ஆகி ஃப்யூஸ் போயிருது. கடையில வால்வு வீக்குன்னாங்க, புது ஜோடி வாங்கி மாட்டியும் அதே பக்கம்தான் செவக்குது. பழைய இரும்புக்குப் போட்டுறட்டுங்களா?

பதில்: ஐயோ போட்றாதீங்க, அந்த செட்டு பொழைச்சுக்கும். ஆனா ஈஎல்34 மாட்டி இனி ஆன் பண்ணாதீங்க, வால்வு செவந்து ஓடுற ஒவ்வொரு நிமிசமும் வால்வுல இருந்து ஸ்பீக்கருக்கு பாட்டைக் கொண்டு போற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகுற ஆபத்து இருக்கு. கோயமுத்தூருல மோட்டார் வைண்டிங் கடைக்கு பஞ்சமில்லீங்க, ஆனா அது கருகுனா சுத்தறது வேற சுத்து, பிரைமரியும் செகண்டரியும் மாத்தி மாத்தி அடுக்கி சுத்தணும், அதுக்குப் பழகுன கை வேணும்.

நீங்க எழுதுனதுலயே விடை இருக்குங்க. புதுசு மாட்டியும் அதே சாக்கெட்டுல செவக்குதுன்னா வால்வு மேல குத்தம் இல்லை, இன்னொரு ஜோடிக்கு காசைக் கொட்டாதீங்க. என் சந்தேகம் அந்த சாக்கெட்டுக்கு முன்னாடி இருக்கற கப்ளிங் கண்டென்சர் மேலதான். முன் வால்வோட பிளேட்டுல, அதான் உள்ள இருக்கற தகட்டுல, நூறு வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், அதைத் தடுத்துப்போட்டு பாட்டை மட்டும் ஈஎல்34ல கரண்டைக் கட்டுப்படுத்தற கம்பிவலைக்கு, அதான் கிரிட்டுக்கு, விடறதுதான் அதோட வேலை. அந்தக் காலத்து கண்டென்சர் பலதும் காயிதம் சுத்துனது, ஈரம் ஏறி லீக் ஆகும், சூடு ஏற ஏற லீக்கும் ஏறும், உங்களுக்கு பத்து நிமிசம் புடிக்கறது அதனாலதான். கிரிட்டு ப்ளஸ் பக்கம் நகந்துட்டா வால்வு கரண்டை இழுத்துக்கிட்டே போகும், ஈஎல்34 பிளேட்டு தாங்கறது 25 வாட்ஸ்தான், அதுக்கு மேல போனா செவக்காம என்ன பண்ணும்.

கண்டுபுடிக்க ரெண்டு ஈஎல்34யும் உருவிட்டு, செட்டை ஆன் பண்ணி, சாக்கெட்டுல கிரிட்டோட 5ஆம் பின்னுக்கும் சேஸிஸுக்கும் (செட்டோட உலோகச் சட்டம்) நடுவுல டிசி பாருங்க. செட்டைப் பொறுத்து ஜீரோவோ மைனஸோ காட்டணும், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் ப்ளஸ்ல நாலஞ்சு வோல்ட்டு நின்னா அந்த கண்டென்சர் போச்சு. வால்வு இல்லாதப்போ ஹைவோல்டேஜ் ஏறும், அதனால சட்டுனு அளந்துட்டு ஆஃப் பண்ணிருங்க. மாத்தும்போது அதே மதிப்புல 630 வோல்ட்டு ஃபிலிம் கண்டென்சரா ரெண்டு பக்கமும் போடுங்க, நல்லா இருக்கற பக்கமும் அதே வயசுதானே.

எரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் டிசியை வடிகட்டுற ஃபில்டர் கண்டென்சர் காஞ்சு போனது, சும்மா கெடந்தாலும் காயும். அதையும் மாத்திருங்க, ஆனா ஏசியை டிசியா மாத்தறது வால்வு ரெக்டிஃபயரா இருந்தா நல்லா வடிகட்டட்டும்னு மதிப்பை ரொம்ப ஏத்தாதீங்க, ரெக்டிஃபயர் தாங்காது.

திரும்ப போடும்போது மெயின்ஸ் லைன்ல சீரிஸா 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு மாட்டிக்கோங்க, மொதல்ல எரிஞ்சு பொறவு மங்குனா சரி, முழுசா எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கியோ ஷார்ட்டு. ஸ்பீக்கர் மாட்டாம பாட்டு விடவே விடாதீங்க.

இதை கெஞ்சிக் கேட்டுக்கறேன், பிளக்கைப் புடுங்குன பொறவும் ஃபில்டர் கண்டென்சர்ல 400 வோல்ட்டுக்கு மேலயும் நிக்கலாம், ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம் 10 வாட்ஸ் ரெசிஸ்டரை இன்சுலேட் பண்ணுன வயர்ல வெச்சு சித்த நேரம் எறக்கி, மீட்டர்ல ஜீரோ பாத்துப்போட்டுதான் கை வைக்கணும். மீட்டர் புடிச்சுப் பழக்கமில்லைன்னா தெரிஞ்சவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): ரேடியோ வால்வு ஒண்ணுல மேல வெள்ளி மாதிரி இருந்தது பால் வெள்ளையா மாறிருச்சு, தொடைச்சாலும் போகலை, ஓட்டலாமா?

பதில்: அது கண்ணாடிக்கு உள்பக்கம்ங்க. மிச்சமிருக்கற காத்தை உறிஞ்சறதுக்குப் பூசுன பூச்சு, வெள்ளையாயிருச்சுன்னா உள்ள காத்து பூந்துருச்சு. ஆன் பண்ணியும் பாக்காதீங்க, மாத்திருங்க.