அஞ்சு வயசாகப் போகிறது, பெயர் எழுத வரவில்லை: பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: "நாங்க கல்லிடைக்குறிச்சி பக்கம். என் மகளுக்கு வாற ஆவணியில அஞ்சு வயசு முடியுது. ரெண்டு வருசமா பாளையங்கோட்டையில ஒரு மாண்டிசோரி பள்ளிக்கூடத்துக்கு வேன்ல போறா. வீட்டுப்பாடம் கிடையாது, நோட்டு கிடையாது. 'இன்னைக்கு என்னட்டி படிச்ச'ன்னு கேட்டா, தண்ணி ஊத்துனேன், பாய் சுருட்டுனேன்னு சொல்லுதா. மைனி மகனுக்கும் இவ வயசுதான். ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எழுதுதான், இங்கிலீஷ் பாட்டு ஒப்பிக்கான். இவளுக்கு இன்னும் பேரு எழுத வரலை. 'துட்டைக் கட்டி விளையாட விட்டிருக்கே'ன்னு அத்தை தினமும் சொல்லுதாங்க. இந்த ஜூன்ல வேற பள்ளிக்கூடத்துல யு.கே.ஜி. போட்டுரட்டுமா? பிள்ளை சொந்தமா படிக்கட்டும்னா, சும்மா விட்டுருததுதானா?"

பதில்: பள்ளி ஒழுங்காக நடக்கிறது என்றால் இந்த ஜூனில் மாற்றாதீர்கள். நடக்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். இரண்டில் எது என்பது நோட்டைப் பார்த்தால் தெரியாது. அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது வகுப்பின் மூலையில் போய் உட்காருங்கள்.

மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். மாண்டிசோரி முறையில் 3 முதல் 6 வயது வரை ஒரே வகுப்பு. முதல் ஆண்டு பெரும்பாலும் கைக்கும் கண்ணுக்குமான வேலை. இரண்டாம் ஆண்டில் ஒலியும் எழுத்து வடிவமும் எண்ணிக்கையும் ஒட்டிக்கொள்ளும். எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றும் வெளியே தெரிவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். நம் பக்கத்துப் பெற்றோர் பலர் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே பயந்துபோய்ப் பிள்ளையை இழுத்துக்கொள்கிறார்கள். பால் பிடிக்கிற கதிரை அறுத்துவிட்டு விளைச்சல் இல்லை என்று சொல்வது மாதிரி இது.

தண்ணீர் ஊற்றுவதைச் சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சிறு கூஜாவிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்ற வேண்டும், சிந்தினால் துணி எடுத்துத் துடைக்க வேண்டும், முடித்ததும் தட்டை எடுத்த அலமாரியிலேயே வைக்க வேண்டும். தொடங்கியதை முடிக்கும் பழக்கமும் மணிக்கட்டுக் கட்டுப்பாடும் அங்கே சேர்ந்து வருகின்றன. குமிழ் வைத்த மர உருளைகளை அவள் எடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்தான்.

வகுப்பில் என்ன பார்ப்பது? நல்ல வகுப்பில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் வேலை ஓடும். ஒருத்தி பாயில் மணிச்சரம் எண்ணுவாள், ஒருவன் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவுவான். ஆசிரியை சத்தமில்லாமல் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பொருளைக் காட்டிவிட்டு எழுந்து போவார், போய்க் குறிப்பெழுதுவார். பொருட்கள் பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருந்தாலோ, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்தாலோ, பிள்ளைகள் அலைந்து திரிய ஆசிரியை செல்போனில் இருந்தாலோ, வெளியே போர்டு என்ன சொன்னாலும் அது மாண்டிசோரி அல்ல. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தடை கிடையாது.

கிளம்பும் முன் ஆசிரியையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவ இப்ப எந்த எழுத்துல நிக்கா, அடுத்து என்ன காட்டப் போறீங்க?" தேறிய ஆசிரியை நோட்டைத் திறந்து தேதியோடு சொல்வார். "தானா வரும்மா" என்று மட்டும் சொன்னால், அங்கே சும்மாதான் விட்டிருக்கிறார்கள். பிள்ளை தானாகத் தேர்ந்தெடுப்பது தனக்குக் காட்டிக்கொடுத்த வேலைகளிலிருந்துதான். எதை எப்போது காட்டுவது என்பது ஆசிரியையின் பொறுப்பு. மாதக்கணக்கில் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறாள் என்றால் கேள்வி அவரிடம்தான்.

இனிப் பெயர் எழுதும் விஷயம். அதை அளவுகோலாக வைக்காதீர்கள். மகள் பெயர் 'பமா' என்றால் சீக்கிரம் எழுதியிருப்பாள். 'இசக்கியம்மாள்' என்றால் முதல் எழுத்தான 'இ'யே சுழியும் வளைவுமாகப் பெரியவர்களையே திணற வைக்கும். தமிழில் 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பிறகு உயிர்மெய்க் குறிகள். உகர, ஊகார வரிசைதான் ஒழுங்கில்லாமல் படுத்தும், அது கடைசியில் வரட்டும். அ, ஆ என்று வரிசையில் தொடங்குவது நம் பழக்கம், ஆனால் 'அ' எழுத எளிதான எழுத்து அல்ல. ட, ப, ம ஏறக்குறைய நேர்க்கோடுகள். இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடலாம். கை எழுதத் தயாராகும் முன்பே அட்டையில் வெட்டிய எழுத்துகளை அடுக்கி 'படம்' என்று வைக்கிற பிள்ளைக்கு எழுத்தறிவு வந்துவிட்டது, கைதான் பாக்கி.

இந்த இடத்தில் பள்ளியிடம் நீங்கள் சண்டை போடலாம். தமிழ் எழுத்துகள் அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல பள்ளிகளில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கும். ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேடும் முறை, பிள்ளைக்கு ஏற்கெனவே பேச வரும் மொழியில்தான் சட்டென்று பிடிபடும். கல், மகள், தங்கம் மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தமிழ்ப் பொருள் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

மைனி மகன் நூறு வரை எழுதுவது நல்லதுதான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை ஒப்பிப்பது வேறு, எண்ணிக்கை புரிவது வேறு. இரண்டு பேர் முன்னாலும் புளியங்கொட்டைக் குவியலை வைத்து "ஏழு எடுத்துத் தா" என்று கேளுங்கள். பிறகு "இன்னும் மூணு போட்டா எத்தனை?" அதே ஏழை அகலப் பரப்பிவிட்டு "இப்ப கூடிட்டா?" என்று கேட்டால் கூடிவிட்டது என்றுதான் இந்த வயதில் பலர் சொல்வார்கள். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார், ஆறேழு வயது வரை இயல்பு, கவலை வேண்டாம். விடுமுறையில் பல்லாங்குழி விளையாட விடுங்கள். பதினான்கு குழியிலும் கொட்டையைச் சரியாகப் போட்டு வருவதே நல்ல கணக்கு வகுப்பு.

அத்தையிடம் வாதாட வேண்டாம். அவர்களுடைய அப்பா, தாத்தா காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் விரலால் மணலில்தான் எழுதினார்கள் என்பதை நினைவுபடுத்துங்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே வழக்கம். எழும்பூர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதை நம்மிடம் பார்த்துத் தன் விடுதியிலும் வைத்து, இந்த இரண்டையும் 1790-களில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907-ல்தான். 1939-ல் அடையாறுக்கு வந்து இங்கேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அத்தை மசியாவிட்டால், வாசல் கோலத்துக்குப் பேத்தியைத் துணைக்கு அழைக்கச் சொல்லுங்கள். மாவை மூன்று விரலில் பிடித்து இழுப்பது எழுத்துப் பயிற்சியேதான். உள்ளி உரிப்பதும், பிச்சிப்பூ கட்டுவதும், முருங்கைக்கீரை ஆய்வதும் அந்த வகைதான். பென்சிலைத் திணித்து நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

பிறகு ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது தேர்வு வைப்பார்களே என்ற பயம் இருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாளையங்கோட்டையில் அத்தகைய பள்ளிகள் நிறைய. எனவே எந்தப் பள்ளி என்று இப்போதே முடிவு செய்து, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்தான் சுமை என்றால் ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியையும் பாருங்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையில் வைத்துக் கற்பிக்கிறார்கள். இங்கும் ஆசிரியரைப் பொறுத்துத்தான் எல்லாம், போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். எங்கே போனாலும் இப்போதைய ஆசிரியையின் குறிப்பேட்டு நகலைக் கையோடு கொண்டுபோய்ப் புது ஆசிரியரிடம் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு சொல் சேர்த்துச் சொன்னால் புரியாதது, புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது போன்ற ஏதாவது கண்ணில் பட்டால் எந்தப் பள்ளி என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, முதலில் காதையும் கண்ணையும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.