கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு ரத்தப் பரிசோதனை: அதைப் படிக்க நீட் இன்னொரு வருஷம் எழுதணுமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. மகளுக்கு நீட்டில் அரசு இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை, இன்னொரு வருஷம் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்பது ஒன்று. சர்க்கரையால் தாத்தாவின் கால் விரலை எடுத்த நாளிலிருந்து, "இதை ஒரு ப்ளட் டெஸ்டிலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாதா, நான் அதைத்தான் படிப்பேன்" என்று அவள் சொல்வது மற்றொன்று. வீட்டில் எல்லோரும் முதல் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

கால் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதை உறுதிசெய்ய இன்று டாக்டர்கள் நம்பும் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அவர்கள் செய்வது வேறு. கையில் ஒரு ரத்த அழுத்தம், கணுக்காலில் ஒரு ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். ஏபிஐ என்று பெயர். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். பட்டையும், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் சின்ன டாப்ளர் கருவியும் போதும், ஊசிகூடக் கிடையாது. பிறகு ரத்தப் பரிசோதனை எதற்கு? நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் அமுங்காது. விகிதம் 1.40-ஐத் தாண்டிப் போய், உள்ளே அடைப்பு இருந்தும் எண் மட்டும் பெரிதாகக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. தவிர, அடைப்பு உள்ளவர்களில் பலருக்கு நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்திழுக்கும் வலியே வராது. வலி இல்லாதவர் டாப்ளர் எடுக்க எதற்குப் போகப் போகிறார்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போல வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிற இடத்தில், அதே சொட்டு ரத்தத்தில் காலைப் பற்றியும் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மகள் கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் ஏன் இன்னும் வரவில்லை என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். மாரடைப்புக்கு ட்ரோபோனின் இருக்கிறது. இதயத் தசை சாகும்போது கசிகிற புரதம், ஆகவே எங்கிருந்து வந்தது என்று ரத்தமே காட்டிக்கொடுக்கிறது. காலில் குழாய் மெல்ல மெல்லச் சுருங்குவது அப்படியில்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தம் உறைவதோடு தொடர்புள்ள ஃபைப்ரினோஜன், டி-டைமர் எல்லாம் ரத்தத்தில் கூடும். ஆனால் நெஞ்சில் அடைப்பு இருந்தாலும் அவை கூடும், காய்ச்சல் வந்தாலும் சிஆர்பி எகிறும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று 2007-இல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் இந்த நோயாளிகளிடம் அதிகமாக இருப்பதைக் கண்டு எழுதியது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தப் புரதத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் மந்தமானாலே அளவு ஏறிவிடும். நாம் தேடுகிற சர்க்கரை நோயாளிகளில் எத்தனையோ பேருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கும். எஃப்ஏபிபி-3 என்ற தசைப் புரதத்தையும் ஆராய்கிறார்கள். அது இதயத்திலும் உண்டு, காலிலும் உண்டு. ஆகவே இப்போது போக்கு, ஒற்றை மார்க்கரை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒரே பொருளை விட்டுப் பலவற்றைச் சேர்த்து, வயது, புகைப்பழக்கம், சர்க்கரை ஆகியவற்றோடு கணக்குப் போட்டுப் பார்ப்பது. இந்தத் துறையில் பாதி வேலை சோதனைக்குழாயில், மீதிப் பாதி புள்ளியியலில். பயாலஜி பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்று வருகிற பிள்ளைகளிடம் நான் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எனவே மகளிடம் கேட்க வேண்டியது "டாக்டரா, டாக்டர் இல்லையா" என்பதல்ல. இந்தப் பிரச்சினையின் எந்த முனையில் நிற்க ஆசை என்று கேளுங்கள். புண்ணோடு வருகிறவரின் காலைத் தொட்டுப் பார்த்து, குழாயைத் திறந்து, விரலைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எம்பிபிஎஸ்தான். வேறு வழி இல்லை. அதற்குப் பின் எம்எஸ் பொது அறுவை, அதன் பின் எம்சிஎச் ரத்தநாள அறுவை. பயிற்சிக்காலத்தோடு எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், அதற்கு மேல் மூன்றும் மூன்றும். இடையில் ஒரு நாள்கூட வீணாகாவிட்டாலும் முப்பதை நெருங்கிவிடுவாள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்குத் தனித்துறையே இருக்கிறது, வேலூர் சிஎம்சியிலும் உண்டு.

அந்த டெஸ்டை உருவாக்க வேண்டும் என்றால் நீட் தேவையே இல்லை. எனக்குப் பிடித்த வழி ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். திருப்பதியும் திருவனந்தபுரமும் பக்கத்தில்தான். ஐந்து வருஷத்தில் பிஎஸ்-எம்எஸ், நுழைவுக்கு ஐஏடி என்ற தனித் தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். மகள் பயோ-மேத்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இங்கே கைகொடுக்கும். இல்லையென்றால் நல்ல கல்லூரியில் பிஎஸ்சி உயிர்வேதியியல், பிறகு எம்எஸ்சி, பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை. பிஎச்டி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டு வாடகைப்படி தனி. "பிஎச்டி வரைக்கும் யார் செலவு செய்வது" என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள், அவரிடம் இதைச் சொல்லுங்கள். கணக்கு முனைதான் ஈர்க்கிறது என்றால் பிஎஸ்சி புள்ளியியல் படித்துவிட்டு உயிர்ப்புள்ளியியலில் எம்எஸ்சி போகலாம். இந்த முனையில் ஆள் பற்றாக்குறை, போட்டி குறைவு, ஆனால் யாரும் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்!

பிஎஸ்சி எம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். லேபில் சீக்கிரம் வேலைக்குப் போக அது நல்ல படிப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்த்து வந்திருக்கிறார்கள். துணை மருத்துவத் துறைகளுக்கென்று வந்த 2021 மத்தியச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் படிப்புகளின் விதிகள் மாறிவருகின்றன, ஆகவே அந்தந்த வருஷத்து விவரக்குறிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஆனால் எம்எல்டி, இருக்கிற பரிசோதனையைத் தவறில்லாமல் செய்யக் கற்றுத்தரும். புதிய பரிசோதனையைக் கண்டுபிடிக்கிற ஆசைக்கு அதற்கு மேல் படித்தாக வேண்டும். தனியார் லேபில் தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது.

மறுபடி நீட் எழுதுவதா என்றால், என் கருத்து: அறுவை மருத்துவராக ஆசை என்றால் ஒரே ஒரு முறை எழுதலாம், அதுவும் இந்த முறை கட்-ஆஃபுக்கு அருகில் வந்திருந்தால் மட்டும். ஐஏடியைப் பிளஸ் டூ முடித்த அடுத்த வருஷமும் எழுத அனுமதிக்கிறார்கள், ஆகவே அந்த வருஷம் இரண்டுக்கும் சேர்த்துப் படிக்கலாம். "எம்பிபிஎஸ் கிடைத்தால்தான் ஆராய்ச்சி" என்று நம்பி இரண்டாவது, மூன்றாவது வருஷம் ரிப்பீட்டர்ஸ் பேட்சில் உட்கார வைப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஓர் ஊரில் 1000 பேர், அவர்களில் 50 பேருக்குக் கால் குழாய் அடைப்பு. ஒரு டெஸ்ட் நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. "பாசிட்டிவ்" என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே அடைப்பு? 45 பேர் சரியாக அகப்படுவார்கள், 95 பேர் சும்மா மாட்டிக்கொள்வார்கள். 140-இல் 45, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விடையைத் தப்பாகச் சொன்னால் கவலையில்லை, பல டாக்டர்களே இங்கே சறுக்குவார்கள். விடை தெரிந்ததும் "அப்போ யாருக்கு டெஸ்ட் செய்யலாம், யாருக்கு வேண்டாம்?" என்று அவளே அடுத்து கேட்கிறாளா, அல்லது புத்தகத்தை மூடிவிடுகிறாளா என்று கவனியுங்கள். கேட்டால் ஐசர் விண்ணப்பத்தைத் தாராளமாக நிரப்பலாம்.

விளம்பரத்தில் "பயோமார்க்கர்", "ஜீனோமிக்ஸ்" என்று போட்டு லட்சக்கணக்கில் வாங்குகிற கல்லூரிகள் இருக்கின்றன. சேர்க்கும் முன் மகளோடு நேரில் போங்கள். புரதங்களை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி இருக்கிறதா, கடைசி வருஷ மாணவர்கள் அதைத் தொட்டிருக்கிறார்களா என்று அலுவலகத்தில் கேட்காமல் அந்த மாணவர்களிடமே கேளுங்கள்.

கடிதத்தில் உங்கள் மாமனாரின், அதாவது அவள் தாத்தாவின், இன்னொரு காலைப் பற்றி எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனை வரும்வரை அவர் காத்திருக்க முடியாது. அந்தக் காலுக்கு ஏபிஐ பார்த்தாயிற்றா, விரல் அழுத்தம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள், பீடி சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாப்ளரில் நாடி கேட்பதை அவள் ஒருமுறை பார்க்கட்டும்.