இரண்டாம் படியை எழுதுவது யார்?

கேள்வி: எனக்கு வயது 38. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் எழுதி வருகிறேன். ஆனால் இரண்டு சிறுகதைகள் மட்டுமே அச்சில் வந்துள்ளன. நான் நோட்டில் எழுதி வைப்பதை, மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் மனைவி, பிள்ளைகள் தூங்கிய பிறகு தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பத்திரிகைகளுக்கு அனுப்பிவிடுவார். டால்ஸ்டாய்க்கும் மனைவிதான் நகல் எடுத்துக் கொடுத்தாராம். வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதினால் நான் தேறிவிடுவேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்.

பதில்: தேற மாட்டீர்கள். இப்போது செய்துகொண்டிருப்பதையே பகல் முழுவதும் செய்வீர்கள், அவ்வளவுதான். வேலையை விடட்டுமா என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. அவர்களுக்கெல்லாம் சொல்வதைப் போல, பொறுமையாக இருங்கள், காலம் கனியும் என்று உங்களுக்கு எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அனுப்பிவிடுவார் என்கிற அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முதல் படியை, அதாவது கதையின் முதல் வரைவை, எழுதுகிறபோது நம் மனத்தில் இருப்பதெல்லாம் தாளில் வந்துவிட்டதாகவே தோன்றும். அதைத் திரும்ப எழுதும்போதுதான் வராதது எது, வேண்டாதது எது என்று தெரியும். பேருந்து நிலையத்து வெயிலை எட்டு வரி வருணித்த பிறகே கதாநாயகன் வந்து இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு வரியை மறுபடி எழுத நேரும்போது கைக்கே சலிப்பு வந்து, இரண்டு வரி போதும் என்று நின்றுவிடும். மேலூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுவது, படி எடுக்கும்போது காதில் உறுத்தும். எழுத்துப் பயிற்சியில் பாதிக்கு மேல் இந்தச் சலிப்பும் உறுத்தலும்தான். நீங்களோ இரண்டையும் ஒரு நாள்கூடப் படவில்லை, ஏனென்றால் அவை நேர வேண்டிய இடத்தில் உங்கள் மனைவியை உட்கார வைத்துவிட்டீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக நீங்கள் பழகியது முதல் படி எழுதுவதை மட்டுமே. அந்த வீட்டில் வாக்கியத்தின் வளைவு நெளிவு தெரிந்தவர் யாராவது இருந்தால், அது அவராகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

டால்ஸ்டாயைத் துணைக்கு அழைக்காதீர்கள். 1863 முதல் 1869 வரை அவர் ‘போரும் அமைதியும்’ எழுதிய காலத்தில் சோபியா அம்மையார் திரும்பத் திரும்பப் படி எடுத்தது உண்மை. அவர் எழுதிக் கொடுத்த சுத்தமான படியை டால்ஸ்டாய் மறுபடியும் அடித்துத் திருத்திக் குதறிவைத்ததால்தான் அத்தனை முறை எடுக்க வேண்டியிருந்தது. உங்களிடம் உங்கள் மனைவியின் படி ஒரு முறையாவது திரும்பி வந்திருக்கிறதா? அதே ஆண்டுகளில் அந்த அம்மையார் நான்கு பிள்ளைகளையும் பெற்றார் என்பதை நினைத்தால், அந்த உதாரணத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஜவுளிக்கடை வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் திருத்துவதற்கே இந்த மாநிலத்துக்கு 2021 ஆக வேண்டியிருந்தது. நாளெல்லாம் நின்றபடி சேலையை விரித்துக் காட்டி, மடித்து அடுக்கிவிட்டு, பேருந்தில் திருமங்கலம் வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த ஒரு பெண்ணிடம் போய் நோட்டை நீட்டுகிறீர்கள். அது அன்பினால் அவர் செய்வதாகவே இருக்கட்டும். வாங்கிக்கொள்கிறவருக்குக் கூச்சம் இருக்க வேண்டும். இந்த நிலையில் உங்கள் சம்பளத்தையும் நிறுத்திவிட்டுக் குடும்பத்தை அவர் தலையில் கட்டப் பார்ப்பதை நான் இலக்கியத் தாகம் என்று சொல்ல மாட்டேன், தம்பி. பிள்ளைகளைப் பெற்றவருக்கு அந்த உரிமை கிடையாது என்பது என் கட்சி. பழைய கட்சிதான், மாற்றிக்கொள்வதாக இல்லை.

வேலை எழுத்துக்கு எதிரி என்பதும் பொய். லா.ச.ரா. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். அவருடைய முதல் நாவல் 1966இலும் அடுத்தது 1981இலும் வந்தன. நடுவில் பதினைந்து ஆண்டுகள்.

புதுக்கதை எதுவும் இப்போது எழுத வேண்டாம். திரும்பி வந்த கதைகளில் ஒன்றை எடுத்து, உங்கள் நோட்டையும் மனைவி தட்டச்சு செய்ததையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். எங்கே வெட்டியிருக்கிறார், எங்கே சொல்லை மாற்றியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, காரணத்தை அவரிடமே கேளுங்கள், கேட்கும்போது வாதாடாதீர்கள். பிறகு நோட்டைப் பார்க்காமல் அந்தக் கதையை முதலிலிருந்து எழுதி, ஒரு மாதம் கிடப்பில் போட்டு, எடுத்து வாய்விட்டுப் படித்து, மீண்டும் எழுதுங்கள். தட்டச்சை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். கணக்கருக்குக் கணினி புதிதல்ல. உங்கள் மனைவிக்கு வார விடுமுறை வரும் நாளில் சமையலை முடித்துவைத்துவிட்டு, பிள்ளைகளை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நீங்கள் படிக்கலாம், வீட்டில் அவர் தூங்கலாம். திருத்திய கதையோடு, ஒப்பிட்டுப் பார்த்த குறிப்புகளையும் எனக்கு அனுப்புங்கள். குறிப்புகளைத்தான் முதலில் படிப்பேன்.