ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன பேச்சு? ஞானம் பற்றிக் கேள்வி பதில்

வேதாகமத்தின் ஞான நூல்கள், சபைப் பிதாக்கள் (முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்கள்), இடைக்காலத் தத்துவம் ஆகிய மூன்றிலும் கேளுங்கள். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். வசன எண்ணோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதற்கு முன் பத்து வசனம், பின் பத்து வசனம் வாசித்துவிட்டு வாருங்கள்.

புதுவாசகர்: ஸ்தோத்திரம் ஐயா. ஞானத்தைத் தேட வேண்டும் என்று ஆசை. நீதிமொழிகளை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால் மாதத்துக்கு 31 சரியாக முடியும் என்கிறார்கள். அப்படியே தொடங்கலாமா?

முதல் ஒன்பது அதிகாரங்களுக்கு அது பொருந்தும். அவை தகப்பன் மகனுக்குச் சொல்லும் நீண்ட உரைகள், ஒரே மூச்சில் வாசிக்கலாம். பத்தாம் அதிகாரத்தில் நூலின் அமைப்பே மாறிவிடுகிறது. 10:1 முதல் 22:16 வரை வருபவை தனித்தனிப் பழமொழிகள், மொத்தம் 375. (சாலொமோன் என்ற பெயரின் எபிரெய எழுத்துகளை எண்களாகக் கூட்டினாலும் 375 வரும். தொகுத்தவர்கள் தெரிந்தே செய்திருக்க வேண்டும்.) இதை நாளுக்கு முப்பது வீதம் விழுங்கினால் எல்லாம் ஒரே சுவையாகிவிடும், ஒன்றும் நிற்காது.

நாளுக்கு ஐந்து போதும். அந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு அடியாக இருக்கும். இரண்டாம் அடி முதல் அடியை எதிர்க்கிறதா, மறுபடி சொல்கிறதா, ஒரு படி மேலே போகிறதா என்று பாருங்கள். பிறகு, எந்தச் சூழ்நிலையில் இது பொருந்தாமல் போகும் என்று கேளுங்கள். கடைசியாக, அதே நூலில் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் இன்னொரு மொழியைத் தேடுங்கள்.

26:4ஐப் பாருங்கள்: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே." அடுத்த வசனமே "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு" என்கிறது. தொகுத்தவர் தூங்கிவிடவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, எதிரே நிற்கும் மூடன் எந்த வகை என்று நீங்களே கணிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கணிப்புக்குத்தான் ஞானம் என்று பெயர், மனப்பாடத்துக்கு அல்ல.

நீதிமொழிகளுக்குப் பின் பிரசங்கி, அதன்பின் யோபு. வரிசையை மாற்ற வேண்டாம். நீதிமொழிகள் பொது விதியைச் சொல்கிறது, யோபு அந்த விதி உடைகிற இடத்தைக் காட்டுகிறது. யோபுவின் நண்பர்கள் மூவரும் நீதிமொழிகளோடு நின்றுவிட்டவர்களைப் போலத்தான் பேசுகிறார்கள்: நீ கஷ்டப்படுகிறாயா, அப்படியானால் பாவம் செய்திருக்கிறாய். 42:7இல் அவர்களுக்குக் கிடைக்கும் பதிலையும் வாசியுங்கள். மூன்று நூலுக்கும் சேர்த்து ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

வாசகி: பிரசங்கியில் "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று வருகிறதே, இது அத்வைதம் சொல்லும் மாயைதானா?

இல்லை. ஆனால் தமிழில் வாசிக்கிற எவருக்கும் வரக்கூடிய நியாயமான சந்தேகம் இது. மூலத்தில் இருப்பது 'ஹெவெல்' என்ற எபிரெயச் சொல். மூச்சு, நீராவி, குளிர்காலையில் வாயிலிருந்து வரும் புகை, இவையெல்லாம் அதற்குப் பொருள். இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது, பிடிக்கப் போனால் இல்லை. ஆதியாகமத்தில் கொலையுண்ட ஆபேலின் பெயரும் இதே சொல்தான். வந்தான், போனான்.

உலகம் தோற்றமே, உண்மையல்ல என்று பிரசங்கி எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் 9:7இல் "நீ போய், உன் ஆகாரத்தைச் சந்தோஷத்துடன் புசித்து" என்று எழுதியிருக்க மாட்டார். உலகம் நிஜம், நிலைக்காது என்பதே அவர் வழக்கு. கூடவே வரும் "மனதுக்குச் சஞ்சலம்" என்பதும் மூலத்தில் காற்றைத் துரத்துவது என்ற படம். இந்த இரண்டு இடத்திலும் 'நீராவி', 'காற்றைத் துரத்தல்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். நூலின் தொனியே வேறாகக் கேட்கும்.

மூன்றாம் பெஞ்ச்: கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம். பயந்தவன் எப்படி யோசிப்பான்?

பேயைக் கண்ட பயம் அல்ல இது. எதிரே இருப்பவர் முன் நான் யார் என்ற அளவு தெரிவது. நீதிமொழிகள் 1:7இலும் 9:10இலும் தமிழில் 'ஆரம்பம்' என்றே இருந்தாலும் எபிரெயத்தில் இரண்டு வேறு சொற்கள். 1:7இல் உள்ளதற்கு 'தலையாயது' என்றும் பொருள் கொள்ளலாம். ஆரம்பம் என்பதால் தாண்டிப் போய்விடும் படி என்று நினைக்க வேண்டாம், அஸ்திவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இளையவன்: சாலொமோன் கேட்டதைப் போல ஜெபிக்க ஒரு வரி சொல்லுங்கள்.

1 இராஜாக்கள் 3:9. தமிழில் "ஞானமுள்ள இருதயம்", எபிரெயத்தில் "கேட்கிற இருதயம்". இரண்டாவதைக் கேளுங்கள்.

வசனமே போதும்: பிரதர், நீங்கள் தத்துவத்தையும் சேர்த்துப் பேசுவது சரியில்லை. கொலோசெயர் 2:8 தெளிவாகச் சொல்கிறது: "லௌகிக ஞானத்தினாலும், மாயமான தந்திரத்தினாலும்" ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள். தத்துவம் விசுவாசிக்கு விலக்கப்பட்ட கனி.

முன் பத்து, பின் பத்து. 2:3இல் கிறிஸ்துவுக்குள் "ஞானம் அறிவு என்பவைகளாகிய பொக்கிஷங்களெல்லாம்" இருப்பதாகப் பவுல் சொல்கிறார். 2:16 முதல் 18 வரை எதை எதிர்க்கிறார் என்று பட்டியலே போடுகிறார்: சாப்பாடு, பானம், பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள், தேவதூதர் ஆராதனை. பிளாட்டோவும் இல்லை, அரிஸ்டாட்டிலும் இல்லை. கிரேக்க மூலத்தில் 'பிலொசொபியா' (தத்துவம்) என்றும் 'வெறுமையான வஞ்சகம்' என்றும் இரண்டு சொற்கள் ஒரே சுட்டிடைச்சொல்லின் கீழ் சேர்ந்து நிற்கின்றன. வஞ்சகமான இந்தத் தத்துவம் என்று வாசிக்க இலக்கணம் இடம் தருகிறது. 'லௌகிக' என்ற அடைமொழி மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. அவரும் எல்லா ஞானத்தையும் தள்ள மனமில்லாமல்தான் அதைச் சேர்த்திருப்பார் போலும்.

வசனமே போதும்: கிரேக்கம் காட்டி மழுப்ப வேண்டாம். 1 கொரிந்தியர் 1:22: கிரேக்கர் ஞானத்தைத் தேடுகிறார்கள். பவுல் அதைப் பைத்தியம் என்கிறார்.

சிலுவையைப் பைத்தியம் என்று கிரேக்கர் சொன்னதாகப் பவுல் சொல்கிறார். அடுத்த அதிகாரம் 2:6ஐயும் வாசியுங்கள்: "தேறினவர்களுக்குள்ளே ஞானத்தைப் பேசுகிறோம்." அதே பவுல் அப்போஸ்தலர் 17இல் ஏதென்ஸில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரண்டு கிரேக்கத் தத்துவப் பள்ளியாரோடும் வாதாடுகிறார். 17:28இல் "நாம் அவருடைய சந்ததியார்" என்று மேற்கோள் காட்டுவது அராத்துஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரி, வேத வசனம் அல்ல.

வசனமே போதும்: சபைப் பிதா தெர்த்துல்லியன் என்ன சொன்னார்? "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" அவரே "அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்" என்றும் சொன்னவர்.

முதலாவது அவர் சொன்னது. இரண்டாவது அவர் எழுதாதது. கிறிஸ்துவின் மாம்சத்தைப் பற்றிய நூலில் அவர் எழுதியது வேறு: தேவகுமாரன் மரித்தார், பொருந்தாத செய்தியாக இருப்பதாலேயே அது நம்பத்தக்கது. இட்டுக்கட்டுகிறவன் இப்படி ஒரு கதையை இட்டுக்கட்ட மாட்டான் என்ற வாத வகையாகவே பல அறிஞர்கள் இதை வாசிக்கிறார்கள். அந்த வகையை அரிஸ்டாட்டிலின் சொற்கலை நூலிலேயே பார்க்கலாம். ஏதென்ஸோடு சம்பந்தமில்லை என்ற மனிதர், ஆன்மா உடல்தன்மை உடையது என்று வாதிடும்போது ஸ்தோயிக்கரைத்தான் துணைக்கு அழைக்கிறார். ஸ்தோயிக்கரான செனெக்காவை "அடிக்கடி நம்மவர்" என்றே குறிப்பிடுகிறார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே உப்பு வாங்கியவர் அவர்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயம் முழுக்க வீண் இல்லை. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் பொன்னையும் வெள்ளியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது போல, தத்துவ ஞானிகளிடம் உள்ள உண்மையை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றார் சபைப் பிதா அகுஸ்தினார். அழகான உவமை. ஆனால் யாத்திராகமம் 32இல் ஜனங்கள் தங்கள் பொன்னைக் கழற்றிக் கொடுத்தபோது, அவர்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டி வந்தது. பொன் குற்றமில்லை, வார்த்த அச்சுதான் குற்றம். இடைக்காலத் தத்துவ அறிஞர் அக்குவினா தோமா இன்னொரு உவமை சொல்கிறார்: தத்துவத்தை விசுவாசத்தின் சேவைக்குக் கொண்டுவருகிறவன் திராட்சரசத்தில் தண்ணீர் கலக்கவில்லை, தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றுகிறான். கலப்படம் எப்போது நடக்கிறது? அளவுகோல் எது, அளக்கப்படுவது எது என்பது தலைகீழாகும்போது.

கடைசி வரிசை: ஐயா, ஞானத்தில் வளர எங்கே தொடங்குவது? நீதிமொழிகள் தினம் ஓர் அதிகாரம் போதுமா?

முதல் பதில்.

மாணவி: அக்குவினா தோமாவின் பெருநூலைத் திறந்தேன். கடவுள் இல்லை என்றே தொடங்குகிறாரே?

எல்லாரும் விழுகிற குழி இது. அந்த நூலின் ஒவ்வொரு பிரிவும் ஒரே வார்ப்பு: கேள்வி, எதிர்வாதங்கள், "இதற்கு மாறாக" என்று ஒரு மேற்கோள், "நான் பதிலளிக்கிறேன்" என்று அவருடைய விளக்கம், கடைசியில் ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் மறுமொழி. நீங்கள் வாசித்தது எதிர்வாதம். கேள்வி, "இதற்கு மாறாக", விளக்கம், இந்த வரிசையில் முதலில் வாசியுங்கள். பிறகு முதல் எதிர்வாதத்தையும் அதன் மறுமொழியையும் ஜோடியாக, அடுத்து இரண்டாவதை ஜோடியாக. மேற்கோள் எடுக்கும்போது எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். எதிர்வாதத்தைத் தோமாவின் கருத்தாக மேற்கோள் காட்டும் அச்சுப் புத்தகங்களே உண்டு.

எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாக எடுத்துரைக்கும் பழக்கம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. மேலே நடக்கும் சண்டைக்கும் அது கொஞ்சம் உதவும்.

குழப்பத்தில்: வேலையை மாற்றலாமா என்று ஜெபித்து, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்தேன். "புறப்பட்டுப் போ" என்று வந்தது. அகுஸ்தினாரும் இப்படித்தானே மனந்திரும்பினார்?

386இல் மிலானில் அவர் திறந்து வாசித்தது ரோமர் 13:13, 14. அதற்கு முன்பே பவுலின் நிருபங்களை ஆழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பாவத்தை விடுவது என்பதும் அவருக்கு முன்பே தெரியும், மனம்தான் வரவில்லை. முடிவெடுக்கும் சீட்டாக அவர் அதைப் பயன்படுத்தவில்லை. உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷத்தைத் திறந்து குறி பார்க்கும் வழக்கம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

வேலைக்கு வருவோம். விவேகத்துக்கு மூன்று செயல் என்கிறார் தோமா: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், செய் என்று தனக்கே கட்டளையிடுதல். மூன்றும் கெடுகிற விதம் வேறு வேறு. முதலாவது அவசரத்தால் கெடும், இரண்டாவது முக்கியமானதைக் கவனிக்காமல் விடுவதால், மூன்றாவது எடுத்த முடிவில் நிற்காததால். நீங்கள் எங்கே தடுக்குகிறீர்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். முடிவு தெரிந்தும் தள்ளிப்போடுகிறவர் மேலும் மேலும் ஆலோசனை கேட்பது மருந்து மாற்றிச் சாப்பிடுவது போல.

ஆலோசிக்கும் கட்டத்தில் இருந்தால், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் முறை கைகொடுக்கும். இரண்டு தெரிவும் தம்மளவில் நல்லதாகவோ, குறைந்தபட்சம் கெடுதலற்றதாகவோ இருக்க வேண்டும். திருமணம் போல மாற்றக்கூடாத பழைய வாக்குறுதிகளை மறுபடி தராசில் ஏற்றக் கூடாது. போவதன் நன்மை, தீமை, இருப்பதன் நன்மை, தீமை என நான்கு பத்தியாக எழுதுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். பிறகு, முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வேன் என்றும், மரணப் படுக்கையில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவேன் என்றும் கேளுங்கள். மனம் வறண்டு கிடக்கும் நாட்களில் முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள். இது அவருடைய விதிகளில் மிக அதிகமாக மீறப்படுவது.

பெயர் வேண்டாம்: அந்த வறட்சி எனக்குப் பல மாதமாக இருக்கிறது. தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை. எந்த நூல் வாசிக்கலாம்?

இப்போது நூல் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. உங்கள் போதகரிடமோ குருவிடமோ நேரில் பேசுங்கள். இஞ்ஞாசியார் சொன்ன வறட்சியும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல, ஒன்றை மற்றதாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

பழைய மாணவர்: "விசுவாசியாவிட்டால் புரிந்துகொள்ளமாட்டீர்கள்" என்று ஏசாயா 7:9ஐப் பிதாக்கள் சொல்கிறார்கள். என் வேதாகமத்தில் "நிலைபெறமாட்டீர்கள்" என்றல்லவா இருக்கிறது?

நல்ல கண். 'புரிந்துகொள்ள' என்பது செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வழி வந்தது, 'நிலைபெற' என்பது எபிரெயம். அகுஸ்தினார் இரண்டு பாடத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் பொருள் கண்டார். 1077, 78 வாக்கில் இடைக்கால இறையியலாளர் அன்செல்ம் எழுதிய நூலின் அடிநாதமான "புரிதலைத் தேடும் விசுவாசம்" இந்த மொழிபெயர்ப்பு வேறுபாட்டின் பேரப்பிள்ளை. எபிரெயப் பாடத்தில் ஆகாஸ் ராஜாவுக்குச் சொல்லப்பட்டது படையெடுப்பு நேரத்து எச்சரிக்கை, அறிவுக் கோட்பாடு அல்ல.

இன்னொருவர்: சீராக்கின் ஞானம் வேதாகமத்தில் உண்டா இல்லையா?

கத்தோலிக்கரின் 73 நூல்களில் உண்டு, சீர்திருத்த சபைகளின் 66இல் இல்லை. எந்தச் சபையாரும் வாசிக்கலாம்.

வசனமே போதும்: யாக்கோபு 1:5: ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், கொடுக்கப்படும். கேட்டால் போதும். இத்தனை முறை, இத்தனை பத்தி எதற்கு?

அதே யாக்கோபு 3:17இல், வந்த ஞானத்தை எப்படி அடையாளம் காண்பது என்றும் சொல்கிறார். சுத்தம், சமாதானம், சாந்தம், அடுத்து "இணக்கம்". அந்த நான்காவது சொல்லுக்கு மூலத்தில், நியாயம் சொன்னால் ஏற்றுக்கொள்ளக்கூடிய மனம் என்று பொருள். நாம் இருவரும் அதை இன்றைக்கு எவ்வளவு காட்டினோம் என்று தெரியவில்லை.

நம்பிக்கை: ஐயா, எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது. நான் எதிர்பார்த்திருக்கும் முடிவு இந்த மாதமே வருமா?

29:10ஐ வாசியுங்கள். எழுபது வருஷம்.