சினிமாவிலும் சீரியலிலும் வரும் அறிவியல் பிழைகளில் உங்களை அதிகம் கோபப்படுத்துவது எது?

பாம்புக்கடிக் காட்சிதான். கடித்த அடுத்த நிமிடம் வாயில் நுரை தள்ளும், உடம்பு நீலமாகும், கடைசி வசனத்தைப் பேசி முடித்ததும் தலை சாயும். இல்லையென்றால் கதாநாயகன் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவான். அடுத்த காட்சியில் கடிபட்டவர் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் குலசேகரம் பக்கம். வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம், அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சருகுக்குள் மரம் மரமாக நடக்க வேண்டிய வேலை அது. பாம்பு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திரையில் மட்டும் வருகிற விஷயம் இல்லை.

ஆஸ்பத்திரிக் காட்சிகளில் வேறு பிழைகளும் உண்டு. மானிட்டரில் நேர்க்கோடு வந்ததும் நெஞ்சில் ஷாக் கொடுத்து உயிரை மீட்பது அதில் பிரபலம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கத்தான் ஷாக். துடிப்பே இல்லாத இதயத்துக்கு அதனால் பயனில்லை. அப்போது நெஞ்சை விடாமல் அழுத்துவோம், அட்ரினலின் போடுவோம். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்பதும் தப்புதான். ஆனால் இதையெல்லாம் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் செய்வதில்லை. பாம்புக்கடிக் காட்சியை மட்டும் அப்படியே செய்கிறார்கள்.

அந்தக் காட்சியில் பெரிய தப்பு எது என்று கேட்டால், நான் நேரக்கணக்கைத்தான் சொல்வேன். விஷம் ஒரு நிமிடத்தில் ஆளைக் கொல்லும் என்று படம் பார்த்துப் பழகிய மனதுக்கு, பத்து நிமிடம் கழிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ‘இது விஷமில்லாத பாம்பு’ என்று தோன்றிவிடுகிறது. "ஒண்ணும் செய்யல்ல சிஸ்டர், அதான் காலம்பற வரலாம்னு இருந்தோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதற்குள் நோயாளிக்கு இமை பாதி மூடியிருக்கும்.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். பல்லின் தடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். கடித்ததே தெரியாமல் தூங்கி எழுந்து, காலையில் வயிற்று வலி என்று வருகிறவர்கள் உண்டு. அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் ஓய்ந்துபோகும். இதெல்லாம் சில மணி நேரத்தில் ஒவ்வொன்றாக நடக்கிறது.

இந்த நிலையில் கை கால் அசையாது, கண் திறக்காது, ஆனால் நினைவு இருக்கும். பக்கத்தில் நின்று அழுகிறவர்களின் குரல் அவருக்குக் கேட்கும். வென்டிலேட்டரில் வைத்து மூச்சைக் காப்பாற்றிவிட்டால் சில நாளில் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். இதைவிட உருக்கமான காட்சி எந்த இயக்குநருக்கு வேண்டும்? உண்மையிலேயே நடப்பது இது. ஏன் யாரும் எடுப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம்தான்.

கண்ணாடி விரியன் வேறு மாதிரி. கடித்த இடம் நன்றாக வலிக்கும், வீங்கும். அதன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். ஈறில், சிறுநீரில் ரத்தம் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம். இப்போது அந்தக் கதாநாயகனின் கத்தியை நினைத்துப் பாருங்கள். ரத்தம் உறையாத உடம்பில் கீறிவிட்டால் அது நிற்காமல் வடியும். வாய் வைத்து உறிஞ்சுவதும் வீண். பாம்பின் பல் ஊசி மாதிரி, விஷத்தை உள்ளே செலுத்திவிடுகிறது. போட்ட ஊசி மருந்தை யாராவது தோலின் மேல் வாய் வைத்து வெளியே எடுக்க முடியுமா?

இறுக்கிக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கிறது. தாம்புக்கயிறு, துப்பட்டா, கைலியின் கரை என்று கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ரத்த ஓட்டம் நின்று காலே அழுகலாம். அதைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சில் உடம்பெல்லாம் பரவலாம். அதனால்தான் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவிழ்க்கிறோம்.

பச்சிலை கொடுத்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். கடிக்கிற பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அப்படிப்பட்டவர் எந்த இலையைத் தின்றாலும் பிழைப்பார், ஒன்றும் தின்னாமலும் பிழைப்பார். அந்தப் பெயர் இலைக்குப் போய்விடுகிறது. படங்கள் அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்துகின்றன.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வது படத்துக்கு ஏற்ற பரபரப்பு இல்லாததுதான். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷத்தின் அறிகுறி எதுவாவது தெரிந்தால் விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றுவோம். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருப்போம். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துச் செய்தது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து எடுப்பது. தேவையான விஷத்தில் பெரும்பங்கைத் தந்துவந்தது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. படமெடுக்க வேண்டும் என்றால் இந்த மனிதர்களின் வேலையில் எத்தனை கதை இருக்கிறது!

இங்கே எங்கள் மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் கவலை. மலையோர ரப்பர் தோட்டங்களில் மூக்கு நுனி மேலே தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும். இந்த மருந்து அதன் விஷத்துக்குக் கேட்காது. பலருக்கு வலியும் வீக்கமுமாகப் போய்விடும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும். டயாலிசிஸ் உள்ள ஆஸ்பத்திரி தேவைப்படலாம். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து படகேறித்தான் வர வேண்டும். அந்த வழியில் உறிஞ்சவும் கீறவும் செலவழிக்க ஒரு நிமிடம்கூட இல்லை. நல்ல பாம்பு கடித்த சிலருக்கு அரை மணி நேரத்துக்குள்ளேயே அறிகுறி தொடங்கிவிடும். அதனால் எப்படியும் நேரம் இருக்கிறது என்று எண்ணி உட்கார்ந்துவிடவும் முடியாது.

2020-இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சுமார் 58,000. பெரும்பாலும் கிராமத்து மக்கள், எங்கள் அப்பாவைப் போலக் காட்டிலும் வயலிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் பார்க்கிற சீரியலில்தான் பாம்பு பால் குடிக்கிறது, பழிவாங்குகிறது, கடித்த விஷத்தைத் திரும்பி வந்து தானே எடுத்துக்கொள்கிறது. பாம்பு தவளை, எலி தின்னும் பிராணி, பால் அதற்கு ஆகாது. பழிவாங்கும் அளவுக்கு நம் முகத்தை நினைவில் வைக்கும் மூளையும் அதற்குக் கிடையாது. நாகராஜா கோயிலில் கும்பிடுவது வேறு விஷயம், நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் கடிபட்டவரைப் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியில்தான்.

சரி, படத்தில் எப்படிக் காட்டலாம்? கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வைத்து, "பயப்படாண்டாம்" என்று சொல்லட்டும். வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றட்டும். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல ஒரு கட்டையை வைத்து, கடித்த கை அல்லது காலை அசையாமல் தளர்வாகக் கட்டட்டும். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றட்டும், அல்லது 108-ஐ அழைக்கட்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதே இல்லை, தேடப் போய் இன்னொருவர் கடி வாங்குவதுதான் மிச்சம். தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வழியில் இமை தொங்கியதா, பேச்சு குழறியதா, ஈறில் ரத்தம் வந்ததா, எப்போது தொடங்கியது என்று எங்களிடம் சொன்னால், அதற்கு மேல் செய்ய வேண்டியதை நாங்கள் செய்துகொள்வோம்.