முதல் வரி சரி, மற்றவை மட்டும் விலகுகின்றன: வலது டேப் சிக்கல்

வேர்டிலோ லிப்ரேஆபிஸிலோ இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை என்று பட்டியல் தட்டி, வலது டேப் (தொகைகளின் வலது ஓரத்தை ஒரே இடத்தில் நிறுத்தும் குறி) வைத்தும் முதல் வரி மட்டுமே சரியாக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா வரிகளையும் ஒன்றாகத் தேர்வு செய்துவிட்டு, அதன் பிறகு ரூலரில் (பக்கத்தின் மேலே தெரியும் அளவுகோல்) வலது டேப்பை வையுங்கள். முதல் வரியில் மட்டும் தொகை சரியாக நிற்கிறது என்று சொல்வதைப் பார்த்தால், கர்சர் முதல் வரியில் இருந்தபோதே டேப்பை வைத்திருக்கிறீர்கள். டேப் ஸ்டாப் (ரூலரில் வைக்கும் அந்த டேப் குறி) பக்கத்துக்கு உரியதல்ல, பத்திக்கு உரியது. என்டர் தட்டிய ஒவ்வொரு வரியும் தனிப் பத்திதான். எல்லா வரிகளையும் தேர்வு செய்யும்போது வேர்டின் ரூலரில் டேப் குறி மங்கலாகத் தெரிந்தால், அது சில பத்திகளில் மட்டுமே இருக்கிறது என்று பொருள்.

அப்படியும் விலகினால் மறைகுறிகளை (ஸ்பேஸ், டேப் தட்டிய இடங்களைக் காட்டும் குறிகள்) காட்டச் சொல்லிப் பாருங்கள். வேர்டில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+8, லிப்ரேஆபிஸில் கன்ட்ரோல்+எஃப்10. பெயருக்கும் தொகைக்கும் நடுவே ஒரே ஒரு அம்புக்குறிதான் (அதுதான் டேப்) இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றை அழியுங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அவை ஸ்பேஸ், அத்தனையையும் நீக்குங்கள். (ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கியது எழுத்துரு மாறியதும் கலைந்துவிடும். நானும் பட்டிருக்கிறேன்.)

தொகைகளில் சிலவற்றுக்கு ஒரு தசம இலக்கம், சிலவற்றுக்கு இரண்டு என்று இருந்தால் வலது டேப் வேண்டாம், தசம டேப் வையுங்கள். தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

ஒன்று கவனம்: இந்தப் பட்டியல் அட்டவணைக்குள் இருந்தால் டேப் விசை அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். அங்கே கன்ட்ரோல்+டேப் அழுத்த வேண்டும்.