பேஜ்மேக்கர் மங்கலாகத் தெரிந்தால் மென்பொருளை மாற்ற வேண்டுமா?

கும்பகோணத்தில் டிடிபி மையம் நடத்தும் வாசகி ஒருவரின் கேள்வி: “பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் 7.0, போட்டோஷாப் சிஎஸ்6 இரண்டையும் வைத்துத்தான் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைகளைச் செய்துவருகிறேன். பழைய கணினி அடிக்கடி நின்றுவிடுவதால், 14 அங்குலத் திரையும் 2880×1800 ரெசல்யூஷனும் உள்ள புது லேப்டாப் வாங்கினேன். அதில் பேஜ்மேக்கர் எழுத்துகள் மங்கித் தெரிகின்றன. போட்டோஷாப்பிலோ கருவிப் பெட்டி கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. அச்சிலும் இப்படித்தான் வருமா? கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடலாக மாற்றிக்கொண்டு, மென்பொருளையும் புதிதாக வாங்கும்படி கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?”

முதலில் அச்சுக் கவலையை விட்டுவிடுங்கள். திரையில் தெரியும் மங்கல் திரையோடு நின்றுவிடும். பேஜ்மேக்கர் அச்சுக்கு அனுப்புவது எழுத்துகளின் வடிவக் கணக்கையே தவிர திரையின் படத்தை அல்ல என்பதால், அச்சுக்கான பிளேட்டில் எழுத்து எப்போதும்போலக் கூர்மையாகவே விழும்.

கோளாறின் மூலம் இதுதான். விண்டோஸில் ஸ்கேலிங், அதாவது திரையில் எழுத்தையும் பொத்தான்களையும் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவது என்ற அளவு, 100 சதவீதம் என்பது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற பழைய கணக்கு. உங்கள் லேப்டாப் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 243 பிக்சல்கள் இருப்பதால், எல்லாவற்றையும் இருமடங்கு பெரிதாக்கிக் காட்டினால்தான் படிக்க முடியும். புதிய மென்பொருள் அந்த அளவுக்குத் தானே எழுத்தை வரைந்துகொள்கிறது. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7.0-க்கு அந்த ஏற்பாடே தெரியாது. அது 96 கணக்கில் வரைந்து கொடுப்பதை, பாஸ்போர்ட் படத்தை ஃபிளெக்ஸ் பேனருக்கு இழுப்பதுபோல விண்டோஸ் இழுத்துக் காட்டுகிறது. போட்டோஷாப் சிஎஸ்6-இன் கதை வேறு: ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று விண்டோஸிடம் அறிவித்துவிட்டு, கருவிப் பெட்டியைப் பெரிதாக்காமலே விட்டுவிடுகிறது.

கிராபிக்ஸ் கார்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கார்டு இருந்தாலும், 96 கணக்கில் வரைந்த எழுத்து 96 கணக்கில் வரைந்ததுதான். இதைத் தெரிந்தே விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பணம் போவது என்னவோ உங்களுடையதுதான். இன்னொரு வகையினர், ரெசல்யூஷனைக் குறைத்துவைத்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிச் சர்வீஸ் கட்டணம் வாங்குவார்கள். அப்படிச் செய்தால் மங்கலாக இருந்த ஒரு மென்பொருளோடு, தெளிவாக இருந்த மற்றவையும் சேர்ந்து மங்கிவிடும். மூன்றாவது வகையினர் விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, போட்டோஷாப் கோப்புறையில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கோப்பைப் போடுவார்கள். ஒரு காலத்தில் அதற்கு அவசியம் இருந்தது. அதே வேலையைச் செய்யும் வசதி விண்டோஸிலேயே 2017-இல் வந்துவிட்டதால், இன்று அதற்குக் காசு கொடுப்பது வீண்.

அந்த வசதியை இப்படிப் பயன்படுத்துங்கள். பேஜ்மேக்கர் ஐகானில் வலது பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கம்பாட்டிபிலிட்டி’, அதற்குள் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று போனால், அடியில் ‘ஓவர்ரைடு’ என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்ததும், அதன் பட்டியலில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். விண்டோஸின் வழியாக வரையப்படும் எழுத்துகள் கூர்மையாகிவிடும். படங்கள் அப்படியேதான் இருக்கும். பொருந்தாவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு அவசியமான ஒன்றை இத்தனை பெட்டிகளுக்குள் ஒளித்துவைக்க மைக்ரோசாப்டுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! இழுத்துக் காட்டும் ஏற்பாடு 2007-இல் விஸ்டாவோடு வந்தது. அதன்பின் விண்டோஸின் சொந்த நிர்வாகப் பெட்டிகளே பல ஆண்டுகள் மங்கலாகத் தெரிந்தன.

போட்டோஷாப்புக்கு அதே பட்டியலில் ‘சிஸ்டம்’ என்று தேர்ந்தால் கருவிகள் பெரிதாகிவிடும். ஆனால், அச்சுக்குப் பாதிப்பில்லை என்று மேலே சொன்னதற்கு விலக்கு இங்கேதான் இருக்கிறது. இந்தத் தேர்வில் கருவிப் பெட்டியோடு புகைப்படமும் இழுக்கப்படுகிறது. 100 சதவீதப் பார்வையில் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் விழ வேண்டும். இழுத்த திரையில் அது நான்கு பிக்சல்களில் பரவிவிடுகிறது. கூர்மையான படம்கூட மென்மையாகத் தெரியும். நீங்கள் மணமக்கள் படத்தைப் பார்த்து, ஃபோகஸ் தப்பிவிட்டதென்று நினைத்து, படத்தைக் கூர்மையாக்கும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ அளவை ஏற்றுவீர்கள். திரையில் அளவாகத் தெரியும் அந்தப் படம், ஆர்ட் பேப்பரில் வரும்போது முடியோரத்திலும் புடவைச் சரிகையிலும் வெள்ளைக் கோடு விழுந்து, முகத்தோல் சொரசொரவென்று நிற்கும். கணினி செய்யாத பிழையை உங்கள் கண்ணே செய்துவிடும். ஆகவே, அந்தத் திரையில் பத்திரிகையை வடிவமைக்கலாம். புகைப்படத்தின் கூர்மையை மட்டும் அங்கே தீர்மானிக்கக் கூடாது.

மென்பொருளை மாற்றுவதைப் பற்றி: திரைக்காக மாற்றாதீர்கள். மாற்றினால் இழுபறி வேறு இடத்தில் வரும். உங்கள் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை, பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறக்க முடிந்தது; அதற்குப் பின் சந்தா முறையில் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. மாதச் சந்தா கட்டிவிட்டு, உங்கள் கோப்புகளையே திறக்க முடியாமல் நிற்க நேரும். யூனிகோடுக்கு மாறாத பழைய எழுத்துருக்களில் தட்டியவற்றை மாற்றும் வேலை அதற்கு மேல்.

நான் சொல்லும் வழி, 24 அங்குல, 1920×1080 மானிட்டர் ஒன்றை வாங்கி லேப்டாப்போடு இணைப்பதுதான். அதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள். 96-க்கு அருகில் இருப்பதால் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்தால் போதும், எதையும் இழுக்க வேண்டிய தேவையே எழாது. இணைத்ததும் விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தி, ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ என்பதைத் தேர்ந்து, ஒருமுறை சைன் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள்; இல்லாவிட்டால் பழைய மென்பொருள்கள் லேப்டாப் திரையின் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். 27 அங்குல 4கே மானிட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள். இதே தொல்லை பெரிய திரையில் தொடரும். விஜிஏ என்ற பழைய வகை இணைப்புத் துளை மட்டும் உள்ள மானிட்டரை மலிவாகக் கொடுத்து, அதற்கு ஒரு மாற்றியைத் தனியே விற்பதும் உண்டு. அதன் வழியாகப் போனால் எழுத்தின் ஓரம் மறுபடி மங்கக்கூடும் என்பதால், எச்டிஎம்ஐ துளை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.